மச்சான் இல்லாத கல்யாணம்

எனக்கு ஒரே பெண், வேறு பிள்ளை கிடையாது என்று என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருநாள் சொன்னேன். அப்போது என் மகன் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தான்.

நான் செய்த தப்பு இதுதான். அந்த மகனை இன்று ஊர் உலகத்துக்குத் தெரியும். பத்திரிகைகள் அவனை ராக் பாடகர் என்று எழுதுகின்றன. அவன் கிதாரை மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்து நின்றாலே போதும், கீழே நிற்கும் பிள்ளைகள் அவனுக்கு முன்பாகவே பாட்டைத் தொடங்கிவிடுகிறார்கள். பேட்டியில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், "அம்மா இருக்காங்க, தங்கச்சி இருக்கா, அப்பா பிரெஞ்சு வாத்தியார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவான். அதற்கு மேல் அவன் சொல்லியிருந்தால் புதுச்சேரியில் நான் தலைகாட்டியிருக்க முடியாது. அவன் சொல்லாமல் விட்டதை இந்த வயதில் நானே எழுதிவைத்துவிடுகிறேன். வருத்தத்துக்காக மட்டும் எழுதவில்லை. என்னைச் சுற்றியிருந்தவர்கள் எனக்குத் தகுதிக்கு மீறி நல்லவர்களாக இருந்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

அவன் மூத்தவன். காலாப்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் எஞ்சினியரிங் சேர்த்துவிட்டேன். பாதியில் விட்டுவிட்டு வந்தான். மூன்று பையன்களைச் சேர்த்துக்கொண்டு மூலக்குளத்தில் மூடிக்கிடந்த ஒரு மாவு மில்லின் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தான். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்களாம். நான் போய்ப் பார்த்ததில்லை. சனி, ஞாயிறு வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களில், சென்னையிலிருந்து குடிக்க வருகிறவர்களுக்கு முன்னால் பாடினான். தலைமுடி தோள்வரை. காதில் நாலு வளையம். எங்கள் ஊரில் பாருக்குப் பஞ்சமில்லை. அதற்காக யாரும் வெட்கப்படுவதுமில்லை. ஆனால் அங்கே பாடுகிறவன் என் மகன் என்பது எனக்குத் தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் காப்பியைக் குடித்து முடித்ததும், "பாருல பாடுறானாமே?" என்பார்கள். நான் அவனோடு பேசுவதை நிறுத்தினேன். அதுவே பெரிய தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்குப் பிரெஞ்சு மாப்பிள்ளை வந்தது. மாப்பிள்ளையின் அப்பா எங்கள் ஊர்க்காரர். இளவயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஓய்வு பெற்றபின் பாரிசுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டவர். பையன் பிறந்து வளர்ந்து வேலை பார்ப்பதெல்லாம் அங்கே. வக்கான்ஸ் என்று அவர்கள் சொல்லும் கோடை விடுமுறைக்கு வரும்போது பெண் பார்த்து, முடித்து, அடுத்த விடுமுறையில் தாலி கட்டி அழைத்துப் போய்விடுவார்கள். இப்படிப்பட்ட சம்பந்தத்தில் இரண்டு பக்கமும் அதிகம் விசாரிப்பதில்லை. நேரமும் இருக்காது, மனசும் இருக்காது. தரகர் மட்டும் முன்கூட்டியே என்னை எச்சரித்துவைத்தார். அவர்கள் ரொம்பக் கட்டுப்பாடானவர்கள், மகனைப் பற்றிப் பேச்சு வந்து சம்பந்தம் தட்டிப்போனால் தன்னைக் கேட்கக் கூடாது என்றார்.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் திட்டம் போட்டிருக்கவில்லை. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, "பசங்க எத்தன பேரு சார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஒரே பொண்ணுதாங்க," என்றேன்.

என் மனைவி காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராகக் காப்பியைக் கொடுத்தாள்.

அவள்தான் மகனிடம், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வா என்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தாளாம். அவனும் முடியை இழுத்துக் கட்டி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பாதிப்படி இறங்கியிருக்கிறான். நான் சொன்னது காதில் விழுந்ததும் திரும்ப ஏறிப்போய்விட்டான். இதெல்லாம் பல வருடம் கழித்து மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர்கள் போனபிறகு, தங்கையைப் பார்க்க வந்திருக்கிறார்கள், இறங்கிவந்து ஒரு வணக்கம் சொல்லக்கூட இவனுக்கு முடியவில்லையா என்று, நான் சொன்ன பொய்யையே மறந்துவிட்டு, அவன்மீதுதான் கோபப்பட்டேன்.

கல்யாணத்தில் சொன்ன பொய் ஒன்றோடு நிற்காது. அழைப்பிதழில் அவன் பெயர் வரக் கூடாது. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு உள்ளே அழைத்துவர ஒரு மச்சான் வேண்டும். பெண்ணின் கையில் பொரி அள்ளிப்போட ஓர் அண்ணன் வேண்டும். என் அண்ணன் மகனைப் பட்டு வேட்டி கட்டி நிறுத்தினோம். சொந்தக்காரர் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பிரெஞ்சு மாப்பிள்ளை என்றால் எங்கள் ஊர் அப்படித்தான். நாளைக்கு அவரவர் வீட்டுப் பெண்ணுக்கும் வர வேண்டுமே. என்னைக் குத்திக்காட்டிய அதே வாய்கள் என் பொய்யைப் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்தன.

மகனிடம் நான் நேராகப் பேசவில்லை. அவன் வராமல் இருந்தால் நல்லது என்று அவன் அம்மாவைவிட்டுச் சொல்லவைத்தேன். மகள் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று அழுதாள். அவளை அவன்தான் தேற்றியிருக்கிறான். "நான் வருவேன். நீ பேசாம போயி மணமேடையில ஒக்காரு," என்றானாம்.

அவன் வந்தான். உழவர்கரையில் மண்டபம் பிடித்திருந்தோம். முதல்நாள் மாலை வரவேற்பில் மெல்லிசைக் குழு ஏற்பாடு. திரை விலகியதும் பார்த்தால், குழுவின் இடது ஓரத்தில் நாற்காலி போட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு, மடியில் கிதாரோடு என் மகன் உட்கார்ந்திருந்தான். அந்தக் குழுவில் வழக்கமாக வாசிக்கிறவன் அவனுக்குச் சிநேகிதனாம். இன்றைக்கு ஒருநாள் உன் இடத்தை எனக்குக் கொடு என்று கேட்டு வாங்கியிருக்கிறான். அவனுக்குப் பிடிக்காத சினிமாப் பாட்டையெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு ஒழுங்காக வாசித்தான். மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்ற என் மகள், வாழ்த்த வந்தவர்களைப் பார்க்காமல் குழு இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். படம் எடுக்கிறவர், "மேடம், இங்க பாருங்க" என்று எத்தனையோ தடவை சொல்லவேண்டியிருந்தது.

கச்சேரி முடிந்ததும் சம்பந்தி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழுவினரிடம் போனார். இசைப்பிரியர். ஒவ்வொருவரையும் பாராட்டிக்கொண்டே வந்து என் மகனிடம் நின்று, அவன் கையைக் குலுக்கினார்.

"இந்தப் புள்ள ஜோரா வாசிச்சிது சம்பந்தி. ஒரு வார்த்த சொல்லுங்க."

நான் ஏதாவது சொல்லியாக வேண்டும். "சாப்ட்டீங்களா?" என்றேன்.

"கடைசி பந்தியில ஒக்காந்துக்குறோம் சார்," என்றான் என் மகன்.

முகத்தில் கோபமில்லை. கேலியும் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற கவனம் மட்டும் இருந்தது. தாம்பூலப் பை ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

அடுத்த மாதம் பெங்களூர் போய்விட்டான். அங்கேதான் அவன் இசைக்குழு பெரிதானது. அதன் வளர்ச்சியெல்லாம் ரசிகர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் சேர்த்துச் சொல்ல எதுவுமில்லை, ஏனென்றால் நான் கவனிக்கவே இல்லை. அவன் அம்மா கவனித்தாள். சமையலறையில் குக்கர் சத்தத்தோடு சத்தமாக அவன் பாட்டைப் போட்டுக் கேட்பாள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவாள். அவன் கல்யாணம் செய்துகொண்டதும், பேரன் பிறந்ததும் அவள் சொல்லித்தான் தெரியும். மகளுக்கு முதலில் ஒரு பெண் பிறந்தது. விடுமுறைக்கு வந்தபோது காது குத்தினோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே குத்த வேண்டும்? என் அண்ணன் மகன்தான் மறுபடியும் வந்து உட்கார்ந்தான். என் மகள் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தையின் அழுகையைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள் என்று சம்பந்தியம்மாள் நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒருநாள் மாப்பிள்ளையிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பாரிசில் என் மகனின் கச்சேரி. மாப்பிள்ளை அவனுடைய ரசிகர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கச்சேரி முடிந்தபின் வரிசையில் நின்று கையெழுத்து வாங்கி, படமும் எடுத்திருக்கிறார். நடுவில் என் மகன், அவன் தோளில் என் பேத்தி, ஒருபுறம் வாயெல்லாம் பல்லாக மாப்பிள்ளை, மறுபுறம் தரையைப் பார்த்துக்கொண்டு என் மகள். கூடவே மாப்பிள்ளையின் குரல்: "மாமா, இவரு நம்ம பாண்டிக்காரராம். பாப்பாவ தூக்கினவரு எறக்கவே மாட்டேன்னுட்டாரு."

அந்தப் படத்தில் இருந்த பெரியவர்களில் அவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியாது. தன் மைத்துனனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அந்தப் படத்தை எனக்குப் பெருமையாக அனுப்புகிறார். நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றுதான் எனக்கு முழுசாக உறைத்தது. மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எளச்சிட்டான்," என்று மட்டும் சொன்னாள்.

மகளுக்கு அடுத்ததும் பெண். காது குத்த வேண்டிய காலம் வந்தபோது மகள் போனில் என்னிடமே பேசினாள். "இந்த தடவ அண்ணன் மடியிலதாம்பா. இல்லன்னா குத்தவே வேணாம். மூளிக் காதாவே இருக்கட்டும். கேக்குறவங்களுக்கு நீங்க பதில் சொல்லுங்க."

பெங்களூருக்குப் பஸ் ஏறினேன். கதவைத் திறந்தது மருமகள். கன்னடப் பெண், ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை. என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை. பார்த்த மாத்திரத்தில், "வாங்க மாவா," என்று மாமனாரைக் கன்னடத்தில் அழைப்பதுபோல அழைத்துப் பையை வாங்கிக்கொண்டாள். மகன் சமையலறையில் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஊரில் இருக்கும் நாளில் சமையல் அவன் பொறுப்பாம். எழுந்து நின்றான். மருமகள் அவனை அரிசி களையச் சொன்னாள்.

சாப்பாடு ஆகும்வரை அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். இத்தனை வருட மேடைச் சத்தத்தில் அவனுக்கு இடது காதில் எப்போதும் ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்குமாம். வீடு அமைதியாக இருந்தால் அது அதிகமாகத் தெரியும் என்பதால் குளிர்காலத்திலும் மின்விசிறியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவானாம். வெகுநாள் பழகிய மாமனாரிடம் சொல்வது போலச் சொன்னாள். என் பேரன் வந்து, யார் என்று கேட்காமல், என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தான். என் மனைவி வைக்கிற மாதிரியே வத்தக்குழம்பு வைத்திருந்தான் என் மகன். சாதம் போட்டு, நெய் விட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

மன்னித்துக்கொள் என்று ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"அத மட்டும் கேக்காதீங்கப்பா. கேட்டா நான் பதில் சொல்லியாவணும். என்ன பதில்னு எனக்கே இன்னும் தெரியல."

காது குத்துவதைப் பற்றிச் சொன்னேன். தங்கை ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

"மடியில வச்சிக்க எனக்கு மட்டும் ஆச இல்லியா? ஆனா மச்சான் அங்க வரிசயில நின்னு எங்கிட்ட கையெழுத்து வாங்கினாரு. யாரோ மாதிரி பேசி அனுப்பினேன். இன்னொரு தடவ என்னால முடியாது. மொதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க. வேற யாரும் வேணாம், நீங்களே சொல்லுங்க."

"ஒன் தங்கச்சி வாழ்க்க..." என்றேன்.

"அதுக்காகத்தான் நான் இத்தன வருஷம் வாயத் தொறக்கல," என்றான்.

விடுமுறைக்குச் சம்பந்தி குடும்பம் வந்து, ஊருக்குள் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருந்தது. நானும் மனைவியும் காலையில் போனோம். எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், வகுப்பில் நிற்பதுபோல நின்றுகொண்டு முதலிலிருந்து சொன்னேன். மாப்பிள்ளையோடு பாரிசில் படம் எடுத்துக்கொண்டவன் யார் என்பதையும், வரவேற்பில் கிதார் வாசித்தவன் யார் என்பதையும் சொன்னேன். சம்பந்தியின் முகம் கல்லாகிவிட்டது.

"இது யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"எங்க பக்கத்துல எல்லாருக்கும்."

"எங்க மருமவளுக்கு?"

"அவ வாய நான்தான் அடச்சேன்," என்றேன்.

சம்பந்தியம்மாள் என் மனைவியைப் பார்த்து, பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்ல எப்படி மனசு வந்தது என்று கேட்டார்கள். பார்த்தது அவளை என்றாலும், கேள்வி எனக்கானது. ஆனால் என் மனைவி பதில் சொன்னாள். "அவரு சொன்னாரு. நான் காப்பி குடுத்தேன்." அதைவிட நேர்மையாக அந்தக் கூடத்தில் யாரும் பேசவில்லை, நான் உட்பட.

மாப்பிள்ளை போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று மாலையே மகள் இரண்டு குழந்தைகளோடும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லையாம். அடுத்து வந்த நாட்களை என்னால் சொல்ல முடியாது. மகனைத் தொலைத்தது போதாதென்று மகளின் வாழ்க்கையையும் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மகள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "சொன்னது நல்லதுப்பா. எனக்கு இப்ப மூச்சு விட முடியுது," என்றாள். அதற்கு நான் அவளுக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

மாப்பிள்ளை ஒருநாள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. மகளைக் கூப்பிட்டு அவள் அண்ணனின் எண்ணைக் கேட்டார். தெருவிலேயே நின்று போன் போட்டார். "மச்சான், நான்தான்," என்று தொடங்கியது மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டே பேசினார். ஒரு தடவை நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஒரு தடவை சிரித்தார். என்ன பேசினார்கள் என்று இருவரும் இன்றுவரை சொல்லவில்லை. பேசிவிட்டு உள்ளே வந்தார்.

"மாமா, ஒங்க மேல கோவம் இருக்குது. அது இருக்கும். ஆனா என் கல்யாணத்துல என் மச்சான் கடைசி பந்தியில ஒக்காந்து சாப்ட்டுட்டு போயிருக்காரு. அத நான் சரி பண்ணணும்."

பிரான்சில் பிறந்து வளர்ந்தவர். மச்சானுக்கு என்ன மரியாதை செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்க வாய்ப்பில்லை. என் மனைவியிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். மகளை அவரே வீட்டுக்கு அழைத்துப் போனார்.

காது குத்து ஓர் அம்மன் கோயிலில் நடந்தது. என் மகன் மனைவியோடும் பையனோடும் வந்து இறங்கினான். மாப்பிள்ளை வாசலுக்கே போய் மாலை போட்டு, வேட்டி சட்டை வைத்த தட்டைக் கொடுத்து, கையைப் பிடித்து அழைத்துவந்தார். கோயிலில் இருந்த பையன்கள் அடையாளம் கண்டுகொண்டு போனைத் தூக்கினார்கள். கொஞ்சம் பொறுங்க, குடும்ப விசேஷம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். என் அண்ணன் மகன் கூட்டத்தில் நின்று, "அப்பாடா, எனக்கு ட்யூட்டி முடிஞ்சிது," என்றான். தாய்மாமன் சீரை என் மகன் தானே தலையில் சுமந்து வந்து வைத்தான். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவள் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன.

"மைக் இல்லாமயே என்னா சத்தம் பாருங்க. மாமனாட்டமே," என்றார் சம்பந்தி. அன்றுவரை என்னிடம் முகம் கொடுக்காதவர், அதைச் சொல்லும்போது என் பக்கம் திரும்பித்தான் சொன்னார்.

மூத்த பேத்தி அடம்பிடித்தாள். தனக்கும் மாமா மடியில் குத்த வேண்டுமாம். உனக்குத்தான் குத்தியாயிற்றே என்றாள் அவள் அம்மா.

"மாமா காதுல நாலு இருக்குது," என்றாள் பேத்தி.

என் மகன் சிரித்துவிட்டான். தங்கையைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். பழைய துளைக்குச் சற்று மேலே ஆசாரி இன்னொன்று குத்தினார். பேத்தி அழவில்லை, மாமாவின் கட்டைவிரலை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. அது சரியாகவே பட்டது.

அன்று அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கொச்சியில் கச்சேரி என்று கோயிலிலிருந்தே கிளம்பிவிட்டான். இப்போது விடுமுறைக்கு மருமகளையும் பேரனையும் அனுப்புகிறான். அவர்கள் எங்களோடு தங்குவார்கள். அவனும் வருகிறான், ஆனால் கடற்கரைப் பக்கம் ஓட்டலில்தான் தங்குகிறான். காலையில் வந்து அம்மாவோடு சாப்பிடுவான், மாடிக்கு ஏறமாட்டான். நானும் ஏறச் சொல்வதில்லை. நான் கேட்க வந்த மன்னிப்பை அவன் நிறுத்தியது நிறுத்தியதுதான். பதில் தெரிந்ததும் அவனே சொல்வான், அல்லது சொல்லாமல் இருப்பான். இரண்டுக்கும் அவனுக்கு உரிமை உண்டு.

போன மாதம் போன் செய்தான். அம்மா குளிக்கிறாள் என்றேன். உங்களிடம்தான் பேச வேண்டும் என்றான். புதுப் பாட்டு ஒன்றில் நாலு வரி பிரெஞ்சு வருகிறதாம். உச்சரிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். போனிலேயே பாடிக்காட்டினான். அவன் எனக்கென்று பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாத்தியார் புத்தி, ஒவ்வொரு வரியாக நிறுத்தித் திருத்தினேன். "திரும்ப சொல்லுங்க," என்று கேட்டுக் கேட்டு, அலுக்காமல் பாடினான். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவன் அம்மா ஈரத்தலையோடு வந்து, யாரோடு இவ்வளவு நேரம் என்று கையால் கேட்டாள். கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன். மூன்றாவது வரி நடந்துகொண்டிருந்தது.

பாட்டு இப்போது வெளிவந்துவிட்டது. இரண்டாவது வரியில் ஓரிடத்தை இன்னும் தப்பாகத்தான் பாடியிருக்கிறான். அவனிடம் நான் அதைச் சொல்லவில்லை. அடுத்த பாட்டுக்கும் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.